அப்பா எடுக்க மறந்த ஜோடி போட்டோ

அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவின் போட்டோவையும் கையெழுத்தையும் வாங்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அதற்கு என் தொண்டையை இரவல் கேட்டார். பெங்களூரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருவில் நான் பேசாத குரல் கிடையாது. ஹெட்மிஸ் குரலில் ஒன்பதாம் கிளாஸுக்கே லீவு விட்டவள் நான்.

விஷயம் சீரியஸ். அப்பா, முன்னாள் நாயக் அய்யாவு, பனியில் ரெண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு ஊனத்துக்கான பென்ஷனோடு பட்டாளத்திலிருந்து வந்தவர். கல்யாணம் அதற்கப்புறம்தான். அதனால் பென்ஷன் ஆர்டரில் மனைவி பேர் இல்லை. ஜோடியாக போட்டோ எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். அப்பா அனுப்பவே இல்லை. ஆனால், "எல்லாம் பக்கா சாந்தா, நான் போனாலும் நீ ராணி" என்று பத்தொன்பது வருஷமாக அளந்துவந்தார்.

ரெண்டு மாசம் முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ராணியின் ராஜாவுக்கு அன்றோடு தூக்கம் போச்சு. சிகரெட்டை விட்டார். தினம் காலையில் பார்க்கைச் சுற்றி நொண்டி நொண்டி பத்து ரவுண்டு.

"காகிதம் சரியாகுற வரைக்கும் நான் சாகக் கூடாது மித்ரா. உங்கம்மா ஆபீஸ் ஆபீஸா அலைவா. நான் பண்ணலன்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடி என்னைக் கொன்னுடுவா."

மொட்டை மாடிக்குப் போனோம். அம்மாவுக்குத் தெரியாத சிம். அம்மாவுக்குப் போன் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நமஸ்தே மேடம். மிலிட்டரி ரெகார்ட் ஆபீஸ். நாயக் அய்யாவு ஒய்ஃப்பா?"

"ஆமா சார்."

"எல்லாருக்கும் திரும்ப வெரிஃபிகேஷன் மேடம். புருஷன் பொண்டாட்டி ஜோடி போட்டோ, உங்க கையெழுத்து. நாளைக்குள்ள."

"குடுத்துடலாம் சார். வேற எதுனா?"

அப்பா கட்டை விரலை உயர்த்தினார். படியேறி வந்ததில் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கீரைக்காரம்மா, "சொப்பூ, தண்டின சொப்பூ" என்று கத்திக்கொண்டு போனார்.

போனில் அம்மா கேட்டாள்: "ஏன் சார், உங்க ஆபீஸ் வாசல்லயும் நம்ம சொப்புக்காரம்மாதானா? ரெண்டு கட்டு வாங்கிக்கிட்டு கீழ வாங்க. பக்கத்துல மூச்சு வாங்குறாரே, அந்தப் பெரிய ஆபீசரையும் கூட்டிட்டு வாங்க."

கீரையோடு இறங்கினோம். அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அட்டென்ஷனில் நின்றார்.

அம்மா பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். திருத்திய பென்ஷன் ஆர்டர். மனைவி: சாந்தகுமாரி. கூடவே ஜோடி போட்டோவின் ஒரு காப்பி. அதில் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது மித்ரா எல்கேஜி அட்மிஷனுக்கு எடுத்ததாச்சே?"

"எந்த ஸ்கூல்லங்க ஜோடி போட்டோ கேக்குறான்? எதிர்வீட்டு மௌரீனக்கா, புருஷன் போனப்புறம் பென்ஷனுக்காக மூணு வருஷம் அலைஞ்சாங்க. பாத்து பயந்து உங்க காகிதத்தை எடுத்துப் பாத்தேன். என் பேரையே காணோம். பென்ஷன் ஃபாரத்தை ஸ்கூல் ஃபாரம்னு சொல்லி நீட்டுனேன். படிக்காமயே நாலு எடத்துல கையெழுத்துப் போட்டீங்க."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. உடனே கோபமும் வந்தது.

"பன்னெண்டு வருஷமா உனக்குத் தெரியும். ரெண்டு மாசமா நான் தூங்கல. அதுவும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கே சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீங்க சிகரெட் பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில போட்டீங்க. சரி, இன்னும் கொஞ்ச நாள் பயப்படட்டும்னு விட்டுட்டேன்."

அப்பாவின் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. ஒன்றுமில்லை.

அம்மா கவரை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

"பென்ஷன் நிக்காம வர, வருஷா வருஷம் நவம்பர்ல நீங்க உயிரோட இருக்கீங்கன்னு காட்டணும். மறக்காம நாளைக்கும் பத்து ரவுண்டு."