மொதல்ல கதவு, அப்பறந்தான் வூடு

வூடு கட்டிட்டு கதவு போட்டவங்க இந்த ஒலகத்துல கோடி பேரு இருப்பாங்க. கதவ வாங்கி நிக்க வெச்சிட்டு, அதுக்கு வூடு தேடினவரு எனக்குத் தெரிஞ்சி ஒரே ஒருத்தருதான். எங்க பங்களா அண்ணன்.

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு ரேஷன் கார்டுல இருக்கும். எங்க யாருக்கும் தெரியாது. திண்டிவனத்துல மோட்டருக்கு காயில் கட்ற வேல. கெணத்துல எரிஞ்சிபோன மோட்டர ஒலக்கூரு பக்கத்து விவசாயிங்க தூக்கிக்கினு வருவாங்க. இவரு கருகின கம்பியெல்லாம் உருவிப் போட்டுட்டு புதுசா சுத்திக் குடுப்பாரு. குடியிருந்தது லைன் வூட்ல. ரயில் பொட்டி மாதிரி வரிசயா ஒத்த ஒத்த ரூமு, எல்லாருக்கும் சேத்து ஒரு கொழா, கோடியில ஒரு பாத்ரூமு. அந்த ஒத்த ரூம்ல உக்காந்துக்கினு வாயத் தொறந்தா பங்களாதான்.

"நம்ம பங்களாவுல கொசுவே வராதுடா. எல்லா ஜன்னலுக்கும் வலை அடிச்சிடுவேன்."

"பங்களா எங்கணா இருக்குது?"

"வரும்டா. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

ஒலக்கூரு போற வழியில, மல்லாட்டைக் கொல்லிங்களுக்கு, அதான் வேர்க்கடல போட்ற நெலங்களுக்கு நடுவுல ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தாரு. கொட்டாய் போட்டா நாலு மாடு கட்டலாம், அஞ்சாவது மாடு வெளியதான் நிக்கணும். அவ்ளோதான் எடம். அண்ணன் கண்ணுக்கு மட்டும் அதுல மாடி, பால்கனி, ஊஞ்சல்லாம் தெரியும்.

நான் அடுத்த ரூமு. குட்டியானை லோடு வண்டி ஓட்றேன். எனக்குப் படிப்பு வரலன்னு வாத்தியாரு சொல்லல. அவருக்கு ஏன் அந்தக் கஷ்டம்னு நானே போயிட்டேன். ஆனா எந்தப் பீரோவ எந்த சந்துல எப்பிடித் திருப்பி உள்ள ஏத்தணும்னு நமக்குத் தெரியும்னு ஒரு திமிரு உண்டு. அந்தத் திமிர ஒடச்சது அந்தக் கதவுதான்.

ஒரு நாளு போன் வந்துச்சி. "சேகரு, வண்டிய எடுத்துக்கினு ஜல்தியா பாண்டிக்கு வா."

"இன்னாணா, எதுனா பேஜாரா?"

"வாடான்னா வாடா."

பழைய காப்பர் கம்பி வாங்கப் போன மனுசன். பக்கத்துத் தெருவுல பழங்காலத்துப் பெரிய வூடு ஒண்ண இடிச்சிக்கினு இருந்திருக்காங்க. கம்பிய மறந்துட்டு கதவ வாங்கிட்டாரு.

கதவுன்னா உங்க வூட்டுக் கதவு, எங்க வூட்டுக் கதவு மாதிரி இல்லீங்க. தேக்கு. ரெட்டைக் கதவு, நிலையோட. மேல அன்னப்பட்சி செதுக்கி, வரிச வரிசயா பித்தளக் குமிழு. கல்யாண ஊர்வலம் பேண்டு செட்டோட உள்ள போயி, உள்ளயே திரும்பி, வெளிய வரலாம். ஏத்தும்போது என் வண்டி முன் சக்கரம் ரெண்டும் தரையில இல்ல. அண்ணன முன்னாடி உக்கார வெச்சதுக்கப்பறந்தான் எறங்குச்சி.

வழியில டீ குடிக்க நிறுத்தினோம். ஒரு அம்மா ஓடியாந்து கன்னத்துல போட்டுக்கினு, "எந்தக் கோயிலுக்குப்பா போவுது?"ன்னாங்க.

"பனமலைக்கும்மா"ன்னேன் நானு.

தலையில இருந்த பூவ எடுத்துக் கதவுல சொருவிட்டு கண்ண மூடி நின்னாங்க. அண்ணன் என் காதுல, "ஏன்டா சாமி விஷயத்துல பொய் சொல்ற?"ன்னாரு. சொல்லிக்கினே அவரும் கும்புட்டாரு.

லைன் வூட்டு சந்துல வந்து எறக்கினப்பதான் வேடிக்க. கதவு அவரு ரூமு வாசலுக்குள்ள போவல. சாச்சிப் பாத்தோம், படுக்கப் போட்டுப் பாத்தோம், நான் ஒரு ஐடியா சொல்லி அதால எங்கால்ல போட்டுக்கினதுதான் மிச்சம். அண்ணன் பின்னாடி இருந்து, "கதவ நல்லாத் தொறந்து புடிங்கடா"ன்னு கத்தறாரு.

"எந்தக் கதவணா?"ன்னேன்.

கடசில சந்து மொனையிலயே, நாலு பக்கமும் முட்டுக் குடுத்து நிக்க வெச்சிட்டோம். ரெண்டு பக்கமும் செவுரு கெடையாது. நடுவுல ராஜா வூட்டுக் கதவு. அன்னையில இருந்து எங்க லைன் வூட்டுக்கு வந்த மரியாதயப் பாக்கணும் நீங்க. கேஸ் சிலிண்டர் போட்றவரு சிலிண்டரத் தோள்ல வெச்சிக்கினு மூடின கதவுக்கு முன்னாடி நின்னு, "தொறங்கம்மா"ன்னு கத்துவாரு.

"சுத்திக்கினு வாய்யா, பக்கத்துலதான் வழி இருக்குதே!"ன்னு எம்பொண்டாட்டி சொல்லும்.

உடனே அண்ணனுக்குக் கோவம் வந்துடும். "எதுக்கு சுத்திக்கினு வரணும்? கதவு எதுக்கு இருக்குது?" லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு ஓடிப்போயி, தாப்பாள எடுத்து, ரெண்டு கதவயும் அகலத் தொறந்து, "வாங்க, வாங்க"ம்பாரு. சிலிண்டர்காரருக்கு வாழ்க்கையில அப்பிடி ஒரு வரவேற்பு கெடச்சிருக்காது.

மல்லிகா அண்ணி, அதான் அவரு சம்சாரம், அதிகம் பேசாது. ஜவுளிக்கடையில காலையில இருந்து நின்னுக்கினே வேல. வெள்ளிக்கிழமயானா அந்தக் கதவத் தொடச்சி மஞ்ச குங்குமம் வெக்கும். வூடு இல்லாத கதவுக்குப் பூச பண்ண ஒரே பொம்பள அதுவாத்தான் இருக்கும்.

அப்பறம் விழுப்புரத்துல இருந்து ஒரு இஞ்சினியர கூட்டியாந்தாரு. சின்னப் பையன். கதவ அண்ணாந்து பாத்தான்.

"சார், இவ்ளோ ஒசரம் கதவுன்னா சீலிங்க ரொம்ப ஏத்தணும்."

"ஏத்து."

"சீலிங் ஏறினா ஹால் பெருசா இருக்கணும் சார். இல்லன்னா கெணத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும்."

"பெருசாப் போடு."

"அவ்ளோ பெரிய ஹாலுன்னா முன்னாடி போர்ட்டிகோ இல்லாம நல்லாருக்காதே சார்."

"போட்றா தம்பி, இதெல்லாமா கேப்ப?"

நானும் சும்மா இல்லாம, "மாடிப்படி வளைஞ்சி வளைஞ்சி போவட்டும்ணா"ன்னேன். எங்கப்பன் வூட்டு சொத்தா போவுது? பையன் வரைஞ்சி முடிச்சிட்டு தலயச் சொறிஞ்சான். போர்ட்டிகோ பக்கத்துக் கொல்லியில போயி நிக்கிது. மல்லாட்டை புடுங்கறவங்க எங்க போவாங்கன்னு கேட்டேன். "நெழல்ல உக்காந்து புடுங்கட்டும்"ன்னாரு அண்ணன்.

இப்பிடியே காமெடியா போயிக்கினு இருந்தப்பதான் வூட்டு ஓனர் வந்தாரு. வர்ற தைக்குள்ள எல்லாரும் காலி பண்ணிடுங்க, லைன இடிச்சிட்டு கடை கட்டப் போறேன்னுட்டாரு. எனக்கு இன்னா, வண்டியிலயே படுத்துப்பேன்னு சொன்னேன். "நீ படு, நானும் புள்ளயும் எங்க படுக்கறது?"ன்னு எம்பொண்டாட்டி கேட்டதுக்கப்பறந்தான் எனக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வந்துச்சி.

பங்களா அண்ணன் இஞ்சினியர மறுபடியும் கூப்ட்டாரு. பையன் இந்த வாட்டி நேராப் பேசினான். "சார், உங்க கையில இருக்கறத வெச்சி ஒண்ணுதான் முடியும். ரெண்டு ரூமு, சமையல்கட்டு, பாத்ரூமுன்னு சின்னதா முழு வூடு கட்டலாம். இல்லன்னா அந்த ஹாலு, போர்ட்டிகோ, கதவு. அதோட நிறுத்திக்கணும்."

லைன் வூட்டு சனம் மொத்தமும் சந்துல நின்னுக்கினு கேட்டுச்சி. அண்ணன் கதவப் பாத்தாரு. "மொதல்ல ஹாலயும் கதவயும் போட்டுடுவோம். மீதி அப்பறம் பாத்துக்கலாம்."

"சமையலு?"ன்னு கேட்டுச்சி அண்ணி.

"போர்ட்டிகோவுல பண்ணிக்கலாம் மல்லிகா. காத்தோட்டமா இருக்கும்."

"குளிக்கறது?"

"அது... பின்னாடி எதுனா மறச்சிக்கலாம்."

எங்க லைன் வூட்டு பாத்ரூமப் பத்தி இங்க சொல்லிடணும். அதுக்குக் கதவு கெடையாது. ஒரு தகரம். கொக்கி எப்பவோ போயிடுச்சி. ஆம்பளைங்க நாங்க தகரத்த சாத்தினோமா, பாட்டு பாடினோமா, வந்தோமான்னு இருப்போம். காத்து அடிச்சித் தொறந்துக்கினாலும் ஊருக்குத்தான் நஷ்டம்.

அண்ணி அன்னைக்கிப் பேசுச்சி. சத்தம் போட்டுக்கூடப் பேசல.

"யோவ், அந்தக் கதவ நானும் ஆசயாத்தான் தொடைக்கிறேன். உனக்குப் புடிச்சிருக்குதேன்னு. ஆனா இந்த லைனுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு கையால தகரத்தப் புடிச்சிக்கினு, ஒரு கையாலதான்யா தண்ணி மொண்டு ஊத்திக்கிறேன். முதுவுக்கு ஒழுங்கா சோப்பு போட்டதில்ல நானு. சந்துல நிக்கிது அவ்ளோ பெரிய கதவு. உம்பொண்டாட்டி குளிக்கிற எடத்துல தகரம். பங்களா வேணாம். உள்ள தாப்பா போட்ற மாதிரி ஒரு பாத்ரூமு கட்டிக்குடு, அதுலயே நான் குடியிருந்துக்கறேன்."

நாங்க ஆம்பளைங்க எல்லாரும் தகரத்தப் பாத்தோம். அப்பறம் கதவப் பாத்தோம். அதுக்கப்பறம் யாரும் யார் மூஞ்சியயும் பாக்கல. நான்கூட ஜோக்கு ஒண்ணு சொல்லல. எனக்கே ஆச்சரியம்.

மறுநாளு அண்ணி பையத் தூக்கிக்கினு விழுப்புரத்துல தம்பி வூட்டுக்குப் போயிடுச்சி. "கட்டி முடிச்சிட்டு சொல்லு, வந்து பாக்கறேன். புடிச்சா இருக்கறேன்"னு சொல்லிட்டுத்தான் போச்சி.

அண்ணன் வாயில இருந்து பங்களாங்கற வார்த்தயே வரல. காயில் கட்றதுல கை தடுமாறிச்சி. ஒலக்கூருக்காரரு ஒருத்தரு மோட்டரத் திருப்பித் தூக்கியாந்தாரு. "இன்னாப்பா கட்டிக் குடுத்த? போட்டா ஃபீஸு போவுது, திருப்பிப் போட்டா ஊரு கரண்டே போவுது. கொல்லிக்குத் தண்ணி வுடச்சொன்னா ஊரயே இருட்டாக்கிட்டியே!" அண்ணன் வாங்கி வெச்சிக்கினு திரும்பவும் பிரிக்க ஆரம்பிச்சாரு.

நடுவுல, கடற்கரை ரோட்டுல ரிசார்ட்டு கட்ற ஆளு ஒருத்தரு எப்பிடியோ கேள்விப்பட்டு கார்ல வந்தாரு. கதவு வேணும்னு கெஞ்சினாரு. அண்ணன், "இல்லீங்க, அதுக்கு எடம் பாத்தாச்சி"ன்னுட்டாரு. முடிஞ்சிது, ஹாலுதான் கட்டப் போறாரு, அண்ணி விழுப்புரத்துக்காரியாவே ஆயிடப் போவுதுன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்.

நிலை வெக்கிற அன்னைக்கி கதவ நான்தான் ஏத்திக்கினு போனேன். மனையில போயி பாத்தா, ரெண்டு ரூமு சின்னதா எழும்பி நிக்கிது. வாசல்ல கடையில விக்கிற சாதா ரெடிமேடு நிலை.

"ணா, அப்ப இத எங்க எறக்கறது?"

"பின்னாடி கொண்டா."

பின்னாடி மேஸ்திரி இடுப்புல கைய வெச்சிக்கினு சண்டைக்கி நிக்கறாரு. "யோவ், தலவாசலுக்கு நிலை வெச்சி பூச போட்டுப் பாத்திருக்கேன். பாத்ரூமுக்கு மாவெல கட்டி, மஞ்சத்துணி கட்டி நிலை வெக்கிறவன எங்கனா பாத்திருக்கியா? எந்த சாமின்னு நெனச்சி தேங்கா ஒடைக்கறது நானு?"

"கெங்கையம்மாள நெனச்சி ஒடைய்யா. தண்ணிதான உள்ள?"

மேஸ்திரி என்னப் பாத்தாரு. நான் ரெண்டாவது வாட்டியா வாய மூடிக்கினு இருந்தேன். தேங்கா சரிபாதியா ஒடஞ்சிது. "சரி, கெங்கையம்மா ஒத்துக்கிச்சி"ன்னு சொல்லிட்டு அவரே நிலையத் தூக்கி நிறுத்தினாரு.

கதவு ஒசரத்துக்கு பாத்ரூம ஒசத்தி, கதவு அகலத்துக்கு அகலப்படுத்தி, அந்த வூட்லயே பெரிய ரூமு பாத்ரூம்தான்னு ஆயிப்போச்சி. ஹால்ல நாலு பேரு உக்காந்தா அஞ்சாவது ஆளு நிக்கணும். பாத்ரூம்ல பந்தியே போடலாம்.

பால் காய்ச்சற அன்னைக்கி நான்தான் விழுப்புரம் போயி அண்ணிய வண்டியில கூட்டியாந்தேன். எறங்கினதும் அது பாத்தது வாசக் கதவத்தான். சின்னதா ஒரு பலகக் கதவு. அண்ணி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி.

"கதவ வித்துட்டியா? ஏன்யா வித்த? நான் அப்பிடியா சொன்னேன்?"

"பின்னாடி போய்ப் பாரு மல்லிகா."

பின்னாடி போச்சி. பித்தளக் குமிழெல்லாம் புளி போட்டு வெளக்கி மின்னுது. எம்பொண்டாட்டி, சிலிண்டர்காரரு, லைன் வூட்டு சனம் எல்லாரும் பின்னாடியே போனோம். மேல இருந்த அன்னப்பட்சிய அண்ணி அண்ணாந்து பாத்துச்சி. அண்ணனப் பாத்து, "பைத்தியம்"னு ஒரே ஒரு வார்த்த சொல்லிச்சி. மாத்துப் பொடவ எடுத்துக்கினு உள்ள போயி ரெண்டு கதவயும் சாத்திச்சி. கை நீளத் தாப்பா டங்குனு வுழுந்த சத்தம் மல்லாட்டைக் கொல்லி வரைக்கும் கேட்டிருக்கும்.

பாலு பொங்கி அடங்கிப்போச்சி. அண்ணி வரல. தண்ணி மொண்டு ஊத்தற சத்தம் மட்டும் நிதானமா கேட்டுக்கினே இருந்துச்சி. வெளக்கேத்தற நல்ல நேரம் போவுதுன்னு யாரோ சொன்னாங்க. "குளிக்கட்டும், வுடுங்க"ன்னாரு அண்ணன், எதயோ ஜெயிச்ச மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு. எம்பொண்டாட்டி என்ன மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்துட்டு, "இந்த மாதிரி பைத்தியம் உனக்கு ஏன்யா புடிக்கல?"ன்னுச்சி.

எனக்கு அப்பன்னு பாத்து அவசரம். காலையில குடிச்ச டீ அத்தினியும் ஒண்ணா கெளம்பி நிக்கிது. அந்த வூட்ல இருக்கறது ஒரே பாத்ரூமு. தட்டலாம்னு கதவுகிட்ட போயி கையத் தூக்கினேன். உள்ள அண்ணி பாட்டு பாடிக்கினு இருந்துச்சி.

தூக்கின கைய எறக்கிக்கினு, மல்லாட்டைக் கொல்லிப் பக்கமா நடந்துட்டேன்.