சிலாபத்துக்கு மீன் வாங்கப் போனவர்கள்

எங்கள் ஊரில் ஒரு விஷயம் ஸ்பீக்கர் நானாவின் காதில் விழுந்துவிட்டால், பத்து நிமிடத்தில் பக்கத்து ஊர் எத்தாளையின் பேக்கரியில் பாண் வாங்க நிற்பவனுக்கும் அது தெரிந்துவிடும். கல்பிட்டிப் பக்கத்தில் அவருக்கு ஈடான வாய் முன்னும் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை.

ஓட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க அறிவிப்புச் செய்வதுதான் அவர் தொழில். கலியாணம், ஜனாஸா அடக்கம், தண்ணீர் வெட்டு எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. ஒருமுறை ஆடு ஒன்று காணாமல் போனதற்கு, "கடைசியாக் கண்டது புரியாணிக் கடைக்குப் பின்னால. கடைக்கார நானா கோவிக்க வேணாம், கண்டதைத்தான் செல்றன்" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டார். கடைக்காரர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருடம் உட்காருவதை நிறுத்திவிட்டார். கலியாண வீட்டில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்த பிறகுதான் சோற்றில் கை வைப்போம். ஐந்து பேர் பசியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆறாவது ஆளான நானா நின்றுகொண்டே இருந்தார். "முழங்கால் சரியில்ல" என்றவர், கடைசியில் ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி அதே முழங்காலில் நின்று சாப்பிட்டு முடித்தார்.

ஓட்டோ சீட்டுக்குக் காற்றடித்த டியூப் ஒன்றும் வந்து சேர்ந்தது. கேட்டதற்கு, "நீந்தப் பழகுற புள்ளைக்கு வாங்கின" என்றார். அவருடைய கடைக்குட்டிக்கு முப்பது வயது, தொழில் கடலில்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன, எனக்கும் இரண்டு வருடமாக அதே மூலவியாதி. பெண்சாதிக்குக்கூடச் சொல்லாமல், வெந்நீரில் குந்தியிருந்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் அவரைத் துருவிக் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அவரே ஒருநாள் வந்தார். அந்தத் தொண்டையிலிருந்து இரகசியக் குரல் வந்து அன்றுதான் கேட்டேன்.

"தம்பி, ரத்தம் போகுது. மூணு மாசமா. மவுத்தாப் போயிருவனோ எண்டு பயமா இரிக்கி."

"இங்க ஆஸ்பத்திரி இரிக்கே நானா."

"அங்க உள்ள நர்ஸ் மிஸ்மாரெல்லாம் தெரிஞ்ச புள்ளைகள். அவங்கட கலியாணத்தை அறிவிச்ச வாயால இதைச் செல்லவா? சிலாபத்துக்குப் போவம். நீங்க தொணைக்கு வாங்க. ஆராச்சும் கேட்டா மீன் வாங்கப் போறம் எண்டு செல்லுவம்."

சிலாபத்துக் கிளினிக்கில் கதிரைகள் எல்லாம் காலியாக இருந்தன. ஆட்கள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். முன்னால் நின்றவர் எங்கள் ஊர் ஐஸ் முதலாளி.

"என்ன முதலாளி, இந்தப் பக்கம்?" என்றார் நானா.

"மீன் வாங்க வந்த. நீங்க?"

"நாங்களும் மீன்தான்."

சிலாபம் மார்க்கெட்டுக்குத் தினமும் லொறியில் மீன் அனுப்புகிறவரே அந்த முதலாளிதான். பக்கத்தில் நின்ற மூன்று பேரும் எங்கள் ஊர்தான். அவர்களும் மீன் வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

மிஸ் வந்து சிங்களத்தில் முதலாம் நம்பரைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று மரியாதை பொங்கி வழிந்தது. இப்படியே நின்றால் டொக்டர் எழும்பிப் போய்விடுவார் என்றார் மிஸ்.

பழக்க தோஷத்தில் நானாவின் கை வாய்க்குப் போனது. மைக் இல்லாமலே தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த ஊர்மக்களுக்கு ஓர் அறிவித்தல். மூலவியாதிக்கு வந்தவங்க வரிசையில நிக்கவும். மீன் வாங்க வந்தவங்க மார்க்கட்டுக்குப் போகவும். எனக்கு ரத்தம் போகுது, நான் முதல்ல போறன்."

ஒருவரும் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஐஸ் முதலாளி தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாய் வரிசையில் வந்து நின்றார்.

கால் மணி நேரத்தில் நானா வெளியே வந்தார்.

"மவுத்தாகிற வருத்தமில்லையாம் தம்பி. சின்னதா றப்பர் வளையம் ஒண்டு போட்டா சரியாம். இதுக்கா மூணு மாசம் நிண்டுக்கிட்டே சோறு திண்டன்?"

பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு நம்பர் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது ஒங்கட. வந்த உடனே எடுத்து வெச்ச."

நான் துண்டை அவசரமாகக் கைக்குள் மறைத்தேன்.

"ஒரு வருசமாத் தெரியும். ஓட்டோவில ஏறினா ஒரு பக்கமாத்தானே குந்துவீங்க. ஒருத்தருக்கும் செல்லல்ல தம்பி, என்ட பெஞ்சாதிக்கும் செல்லல்ல. போங்க, நான் இங்கதான் நிக்கிறன்."

உள்ளே போனபோது என் கண் கலங்கியிருந்தது. வலி கூடுதலா என்று மிஸ் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.