டோட்டல் கவுண்ட்டின் மோதிர விரல்

தருமபுரி மாவட்டத்திலேயே, தும்மியவனிடம் ரத்தம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் டோட்டல் கவுண்ட்தான்.

எண்பதுகளில் அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர், அவர் ஹெட்கிளார்க். ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கைக்கு டாக்டர்கள் எழுதும் பெயர் அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. புதிதாக வந்த அதிகாரி அதை அரைகுறையாகக் காதில் வாங்கி, "எந்த ஊர்க் கவுண்டருங்க நீங்க?" என்று விசாரித்தார்.

"அது ஆளு இல்லீங்க ஐயா, அணு" என்றார் இவர்.

அவர் எதிரில் சளி பிடிக்கவே பயமாக இருக்கும்.

"ஒரே ஒரு தும்மல்தான் சார்."

"தும்மல் ஒண்ணா இருக்கலாம் தம்பி. உள்ள என்ன கலாட்டா நடக்குதுன்னு கண்டீங்களா? ரஷீத் பாய்கிட்ட போயி விரலக் குத்திக்கிட்டு வாங்க."

ரஷீத் பாய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். ரிப்போர்ட் வந்ததும் டோட்டல் கவுண்ட் அதைப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்ப்பார். மொத்தம் கூடாமல் லிம்போசைட் மட்டும் ஏறியிருந்தால் முகம் மலரும். "வைரஸுங்க. கஞ்சி குடிச்சிட்டு வூட்ல படுங்க." நியூட்ரோஃபில் எகிறியிருந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "பாக்டீரியாங்க. டாக்டர்கிட்ட ஓடுங்க!"

டைப்பிஸ்ட் பாத்திமா அக்கா, "மொளகா வறுத்தேன் சார், அந்தத் தும்மல்தான்" என்று மன்றாடியும் பலிக்கவில்லை. விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு டைப் அடித்தார். அன்று போன கடிதங்கள் எதிலும் அந்த விரல் அடிக்கவேண்டிய எழுத்து மட்டும் வரவேயில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஃப்ளூ ஆபீஸையே படுக்கவைத்தது. கடைசியில் அவரையும். குடும்பம் ஓசூரில், இங்கே தனி அறை. பாத்திமா அக்காவும் நானும் போனபோது அவருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வந்து பார்த்த டாக்டர் நிமோனியாவோ என்று சந்தேகப்பட்டு, ரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். ரஷீத் பாய் ஊசியோடு வந்தார்.

டோட்டல் கவுண்ட் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம் பாய். சும்மா சளிங்க."

"ஊரையே குத்த வெச்சீங்க. இந்த எறும்புக்கடிக்கா பயம்?" என்றார் பாத்திமா அக்கா.

"குத்துக்கு இல்லம்மா, ரிப்போர்ட்டுக்கு. எந்தம்பிக்கும் இப்பிடித்தான். சளிதானேன்னு வுட்டுட்டோம்."

பாத்திமா அக்கா போர்வையை மெல்ல விலக்கினார். நான் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். வலது மோதிர விரலில் பாய் குத்தினார். ரத்தத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார். அவர் திரும்புவதற்குள் பாத்திமா அக்கா கஞ்சி காய்ச்சிவிட்டார்.

"லிம்போசைட்டுதாங்க! மொத்தம் ஏறல!" என்று பாய் வாசலிலிருந்தே கத்தினார். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். பயமில்லை, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றாராம்.

டோட்டல் கவுண்ட் ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். அப்படியே தூங்கிப்போனார். என் கையை மட்டும் விடவில்லை. நான் வீட்டுக்குப் போகவேண்டிய தருமபுரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. நான் கையை உருவிக்கொள்ளவில்லை.