நாலு ஐம்பதுக்கு முடிந்த படங்கள்

சினிமாவைப் பற்றி அடித்துப் பேசுவதற்குப் படத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பாதி பார்த்தவர்கள்தான் இன்னும் உறுதியாகப் பேசுவார்கள். அடுத்தவர்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நானே அப்படிப் பேசி, கம்பத்தில் எழுபது பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. (அதாவது மூன்று வருடத்துக்கு முன்பு. இளமையில் செய்த தவறு என்று தப்பிக்கவும் வழியில்லை.) ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. ஞாயிறுதோறும் எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘பார்த்ததும் மறுபடி பார்த்ததும்’ என்று ஒரு குறிப்பு எழுதுவேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைமையாசிரியை எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டித்தானே ஆகவேண்டும்? அந்தக் கட்டைவிரல்களை நான் ரசனை என்று நம்பினேன்.

“புதிதாகப் பார்த்தது: போலீஸ் படம். கதாநாயகன் குச்சனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைக்கிறார், மேகமலைத் தேயிலைத் தோட்டம் வந்துவிடுகிறது. நமக்கு மட்டும் ஏன் அரை நாள் ஆகிறது?” இப்படி இருக்கும். “மறுபடி பார்த்தது: கல்லூரிக் காலத்தில் நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுத காதல் படம். இப்போது பார்த்தால் பெண்ணின் அப்பா பேசுவதுதான் நியாயமாகப் படுகிறது.” இந்த மாதிரி நாலு வரி எழுதிவிட்டு, அன்றைக்கு முழுவதும் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

இதைப் படித்து ஏமாந்த ஒரு நண்பர், கம்பத்தில் அவர்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் பேச அழைத்தார். தலைப்பு, ‘என் வாழ்க்கையை மாற்றிய படம்’. யோசிக்கவே இல்லை. எனக்கு அப்படி ஒரு படம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுப் பஸ் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா திராட்சைத் தோட்டத்தில் இருப்பார். அம்மாவுக்கு இரண்டு மாடுகள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் சமைத்து வைத்துவிட்டு, என்னையும் தம்பி அருளையும் இழுத்துக்கொண்டு கம்பத்தில் மேட்னி ஷோவுக்குப் போவாள். படம் இரண்டரைக்கு ஆரம்பிக்கும். ஐந்தே காலுக்கு முடியும். எங்கள் ஊருக்குப் பஸ் ஐந்து ஐந்துக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் பால் சொசைட்டியை மூடிவிடுவார்கள், ஒரு வேளைப் பால் போய்விடும். ஆகவே கதாநாயகன் கழுத்தில் கத்தி இருந்தாலும் சரி, கதாநாயகி கிணற்றுச் சுவரில் ஏறி நின்றாலும் சரி, நாலு ஐம்பதுக்கு அம்மா எழுந்துவிடுவாள். என் குழந்தைப் பருவத்தில் நான் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் எல்லா முடிவும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் அம்மா சொல்லிவிடுவாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி, யார் எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்பது உட்பட, டிக்கெட் வாங்கிக்கொண்டே சொல்வாள். வருடங்கள் ஓட ஓட, கேட்டது எது, பார்த்தது எது என்ற வித்தியாசம் என் மண்டையில் அழிந்துபோனது. எல்லாமே நான் பார்த்தவையாக ஆகிவிட்டன.

என் வாழ்க்கையை மாற்றிய படம் அப்படி ஒன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. பழைய படத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள். படிக்க ஆசைப்பட்ட பெண்ணைப் பாதியில் நிறுத்தித் தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். புருஷன் புத்தகத்தைக் கண்டாலே எரிகிறான். ஒருநாள் அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரீட்சை எழுதக் கிளம்பிவிடுகிறாள். ரயில் நிற்கிறது. பின்னால் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். நாலு ஐம்பது. எழுந்துவிட்டோம்.

மிச்சம் பஸ்ஸில். அவள் திரும்பியே பார்க்கவில்லை. ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸாகி, பெரிய அதிகாரி ஆகிவிட்டாள். சில வருஷம் கழித்து ஒருவன் கையில் மனுவோடு வரிசையில் நிற்கிறான். அதே புருஷன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, “அடுத்த ஆள்” என்கிறாள். வணக்கம்.

பிளஸ் டூ முடித்ததும் அத்தை மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அப்பாவுக்குப் பாதிச் சம்மதம். நான் கல்லூரிக்குப் போவேன் என்று சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தேன். அந்த இரண்டு நாளும் என் கண்ணுக்குள் இருந்தது அந்தப் பச்சை மைதான். பிற்பாடு தலைமையாசிரியை ஆகி, பச்சை மையில் முதல் கையெழுத்துப் போட்ட அன்று மை காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

ஆக, கூட்டம். அம்மா பூசைக்குக் கட்டும் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையேறிப் பேசுவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் முன்னால் நன்றாகப் பேசிக் காட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு இல்லை. தண்ணீர் குடித்துக்கொண்டேன். “இந்தப் படத்தைக் குறைந்தது பத்து முறையாவது மறுபடி பார்த்திருப்பேன்” என்று ஆரம்பித்தேன். (முழுப் பொய். அந்தப் படம் எங்கேயும் கிடைக்காது. அந்தத் தைரியம்தான்.)

கதையைச் சொன்னேன். கூட்டம் கவனித்துக் கேட்டது. அதில் எனக்கு மிதப்பு ஏறி, கடைசிக் காட்சிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, “படம் முழுக்க வெயிலின் பழுப்பு நிறத்தையே காட்டிவிட்டு, கடைசியில் மட்டும் திரையில் ஒரு துளிப் பச்சை வைக்கிறார் இயக்குநர். அந்த நிறத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்” என்றேன். பையிலிருந்து என் பச்சைப் பேனாவை எடுத்து உயர்த்திக் காட்டினேன். கைதட்டல். அம்மா மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். சட்டைப்பையில் கண்ணாடி, கையில் மடித்த பேப்பர்.

“டீச்சரம்மா, தப்பா நெனைக்கப்புடாது. அது கறுப்பு வெள்ளப் படமாச்சே?”

“நீங்க வேற படத்தைச் சொல்றீங்க போல” என்றேன்.

“அதே ரயிலு, அதே தகரப்பெட்டிதான். நான் இந்த ஊரு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன், தங்கராசு. இப்ப பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அந்தப் படத்த ஒரு வாரம் நாந்தான் ஓட்டுனேன். ஆபீசும் வராது, பச்ச மையும் வராது. புருசன் கூப்பிட்டதும் அந்தப் பிள்ள திரும்பி ஓடிவந்து கால்ல விழுந்துரும். பெட்டி தண்டவாளத்துல விழுந்து, பொஸ்தகம் பூரா செதறிப் போகும். அதுக்கு மேல ரயிலு ஏறிப் போயிரும். பெறகு இருவது நிமிசம் அழுக, ஒரு பாட்டு, அம்புட்டுதான்.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “வேற பிரிண்டா இருக்கும். சில ஊர்ல முடிவை மாத்திப் போடுவாங்க” என்றேன்.

“நீங்க எந்த ஊர்ல பாத்தீக?”

“இங்கதான்.”

“அப்ப நான் ஓட்டுனதுதான்” என்றார் தங்கராசு, மிகவும் சங்கடத்தோடு.

கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை அழைத்த நண்பர் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. என் அறைக்குத் தினமும் நாலு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்று, “அவன்தான் டீச்சர்” என்று பக்கத்தில் கையைக் காட்டும். அவர்களை எத்தனை ஏளனமாகப் பார்த்திருக்கிறேன். மைக்கின் முன்னால், எழுபது பேர் பார்க்க, முன்வரிசையை நோக்கி விரலை நீட்டினேன்.

“எங்கம்மாதான் அப்படிச் சொன்னாங்க.”

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எழுபது தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெற்ற தாயை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டு, கையில் பச்சைப் பேனாவோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த விரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தங்கராசு அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். “அட! நாலு அம்பது அக்காவா?”

அம்மா நிமிர்ந்தாள்.

“ரெண்டு பிள்ளைகளோட டாண்ணு எந்திரிச்சுப் போவீகள்ல? நீங்க கதவத் தொறந்ததும் ஸ்கிரீன்ல பாளம் பாளமா வெயிலு விழும். சனமெல்லாம் என்னயத் திட்டும். ஞாயித்துக்கெழமன்னா எனக்குக் கடியாரமே தேவையில்ல.”

“பஸ்ஸுக்கு நேரமாயிரும்ல” என்றாள் அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

கூட்டம் முடிந்தது. டீயும் வடையும் வந்தபோது எல்லோரும் அம்மாவைச் சுற்றித்தான் நின்றார்கள். என் பக்கம் வந்தது ஒரு காக்கா மட்டும்தான், அதுவும் வடைக்காக.

ஊர் திரும்பும் டவுன் பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

“விரல நீட்டிட்டேம்மா. மன்னிச்சுக்க.”

“அதுக்கு என்ன இப்ப. அந்தாளு சொன்னத நம்பிட்ட, பெத்தவ சொன்னத நம்பல. அதான எனக்கு.”

“அவரு ஓட்டுனவரும்மா.”

“ஓட்டட்டும். ஏத்தா செலினு, முடிவு பாக்காம வந்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. தம்பி பஸ்ஸுல உருண்டு அழுவான். எல்லாரும் பாப்பாக. நான் என்னதான் செய்ய? எனக்கு மட்டும் முடிவு தெரியுமா? நானும்தான பாக்கல. அந்தப் பிள்ள போகணும்னு எனக்கு இருந்துச்சு. போயிட்டான்னு சொன்னேன்.”

“அப்ப பச்ச மை?” என்றேன்.

“அந்த வருசம்தான் உனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துக்குன்னு மூணு வாட்டி அலஞ்சேன். பெஞ்சுல உக்காந்து நாள் பூரா அந்தப் பேனாவத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அதற்குள் அம்மா அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“பொய்யி சொல்றோமேன்னு எனக்கும் உறுத்தல்தான். பாவசங்கீர்த்தனத்துல பாதர்கிட்டயே சொல்லிட்டேன், பிள்ளைககிட்ட சினிமாக் கதைய மாத்திச் சொல்றேன் சாமின்னு. அவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘அந்தப் பிள்ள பாஸாயிருச்சாம்மா?’ன்னு கேட்டாக.”

பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

சேதி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் தம்பிக்குப் போனது. உடனே போன் செய்தான். “அப்ப அந்த நாய்ப் படம்? மலையில காணாமப் போன நாயி, கடைசியில வீடு தேடி வந்துருமே?” நாற்பது வயது, முன்வழுக்கை, வீட்டில் இரண்டு கார். அவனே தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்து, “செத்துப்போச்சும்மா” என்று விசும்பினானாம். “அது வேற நாயிடா” என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நானும் அவனும் அந்தக் காலத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி முடிவு பார்த்தோம். ஒன்பது கிடைத்தன. ஏழில் அம்மா எடுத்த முடிவு மேல். இரண்டில் டைரக்டரும் சுமாராகவே செய்திருந்தார். என் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு இப்போதும் உண்டு. கடைசி வரை பார்த்தேனா இல்லையா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ‘நாலு அம்பது’ என்பது இன்றைக்கும் புழங்கும் வார்த்தை. கல்யாண வீட்டில் இரண்டு சித்தப்பாமார் குரல் உயர ஆரம்பித்தால், தம்பி என் காதில் “அக்கா, நாலு அம்பது” என்பான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். என் கணவர் என் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சின்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

போன மாதம் தங்கராசு அண்ணன் அந்த ரயில் படத்தை இணையத்தில் எப்படியோ கண்டுபிடித்து எனக்கு அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி, “டீச்சரம்மா, இத்தனை வருசம் கழிச்சாவது முழுசாப் பாருங்க.” ஞாயிறு மதியம் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைதான். பாதியில் அம்மா நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாள். ரயில் வந்து நின்றது. அவள் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றாள். பின்னால் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். படத்தில் இன்னும் இருபத்து ஐந்து நிமிஷம் இருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

சத்தம் நின்றதும் அம்மா விழித்துக்கொண்டாள்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சும்மா.”

“பாஸாயிட்டாளா?”

“பாஸாயிட்டா.”

“பச்ச மையா?”

“பச்ச மைதாம்மா.”

“நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல. அந்த ஆபரேட்டருக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு, அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனாள்.