ஒண்டரை மேசனும் பத்துச் சாக்குச் சீமெந்தும்

பிள்ளைகளே, மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, ஒண்டரை மேசனைப்போலத் திமிர் பிடித்த மனிசன் ஒருத்தன் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும், அவனிடம் வீட்டு வேலையைக் கொடுக்கப்போகிற பாவியை நினைத்துத்தான் நான் கவலைப்படுவேன். மேசன் என்றால் கல் வைக்கவேண்டும், சாந்து பூசவேண்டும், கூலியை வாங்கிக்கொண்டு போகவேண்டும். இந்த ஆள் எனக்குக் கணக்குச் சொல்ல வந்தார். ஏழாம் வகுப்பு வரை படித்து, கணக்குப் பாடத்தில் ஒரு நாளும் பிரம்படி வாங்காத எனக்கு! 'அவர்' என்று மரியாதையாக எழுதும்படி உங்கள் அம்மா பக்கத்தில் நின்று சொல்லுகிறா. எழுதுகிறேன். ஆனால் கோபம் கோபம்தான்.

அவர் காத்தான்குடி ஆள். என்னைவிட இரண்டு வயது இளையவர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எந்த அளவைக் கேட்டாலும் ஒன்றரை மடங்காக "ஒண்டரை போடு" என்பார். அதனால் ஒண்டரை மேசன். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் ஒரு கோப்பை குடித்துவிட்டு அரைக் கோப்பை கேட்பார். கடைக்காரன் முழுக் கோப்பை கொடுத்தால், "நான் கேட்டது அரை" என்று சண்டை பிடிப்பார். கல்லடியிலிருந்து பட்டினத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால், "அரை மணி. ஆனா முக்கால் மணி போடு. பாலத்தில ஆராவது மறிச்சுக் கதைப்பான்" என்பார். பாலத்தில் மறித்துக் கதைக்கிற அந்த ஆள் அவரேதான். ஒரு முறை சட்டைத் துணி தோய்த்தால் சுருங்கும் என்று ஒன்றரை மடங்கு துணி எடுத்துத் தைப்பித்தார். துணி சுருங்கவில்லை. அந்தச் சட்டையோடு வாவிக் கரையில் வந்தபோது, பாய் விரித்த தோணி ஒன்று வருகிறது என்று நினைத்துத் தோணிக்காரர்கள் கை காட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஆளிடம் நான் ஏன் போனேன்? என் தங்கச்சி, உங்கள் மாமியின் கலியாணம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு இல்லாவிட்டால் கலியாணமும் இல்லை. அப்பா போன பிறகு என் ஒரே தங்கச்சிக்கு வீடு கட்டுவது என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை தேற்றாத்தீவு ஆள். அவருடைய தாய்மாமன் வந்து வீடு கட்டப்போகிற வளவைப் பார்த்துவிட்டு, "வாவி பொங்கினா இஞ்ச மண் தரை ஊறிப்போகும். சீமெந்துத் தளம் போட்டாத்தான் எங்கட பொடியன் வருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அதுவரை ஒரு வீட்டுக்கும் சீமெந்துத் தளம் இல்லை. சீமெந்துத் தளம் தெரிந்த மேசனும் ஒரே ஆள்தான்.

வந்தார். வந்ததும் வராததுமாக நான் வண்டியில் ஏற்றி வைத்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளி வாயிலே போட்டார். சப்பினார். துப்பினார்.

"உப்பு. திருப்பிக் கொண்டு போ" என்றார் வண்டிக்காரனிடம்.

"கறிக்கா போடப்போறம்?" என்றேன் நான்.

"கறியில உப்புக் கூடினா ஒரு நாள்தான் துக்கம், மச்சான். தளத்தில கூடினா உன்ர தங்கச்சி ஆயுசுக்கும் ஈரத்தில படுப்பாள்."

கதையைப் பாருங்கள்! வண்டிக்காரன் என்னை முறைத்துக்கொண்டு மணலோடு திரும்பிப் போனான். ஆற்று மணல் வர மூன்று நாள் சென்றது. அதையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் இறக்கவிட்டார்.

மறுகா வந்தது தளத்தின் கணக்கு. எங்கள் மணலில் அத்திவாரம் வெட்டினால் கரை சரிந்து விழும். ஆகையால் வீட்டின் அடி முழுவதுக்கும் சீமெந்தும் மணலும் கல்லும் குழைத்த கொங்கிறீற்றை ஒரே தட்டாகப் போட்டு, அதன்மேல் சுவர் எழுப்பவேண்டும் என்றார். நீளம் இருபது அடி, அகலம் பதினைந்து அடி, தடிப்பு நாலு அங்குலம். நான் மனத்துக்குள்ளே பெருக்கினேன். சரியாக நூறு கன அடி. சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கல் நாலு பங்கு. நூறை ஏழாகப் பிரித்தால் முடிந்தது. இதற்கு மேசன் எதற்கு?

"நூறு அடிக் குழிக்கு நூற்றைம்பது அடிச் சாமான் வேணும்" என்றார் அவர். "சீமெந்து பதினெட்டுச் சாக்கு."

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "நூறு அடிக்குள்ள நூற்றைம்பதை எப்பிடியப்பா அடைப்பாய்? மிச்சம் ஆர்ர வீட்டுக்குப் போகும்?"

"தண்ணி விட்டுக் குழைச்சாச் சுருங்கும், மச்சான்."

நான் நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவன். எனக்கா தண்ணீரின் குணம் தெரியாது? "ஒரு கொத்து அரிசி அவிஞ்சா மூணு கொத்துச் சோறு. ஊறின நெல்லு பெருக்கும், ஊறின பயறு பெருக்கும். தண்ணி பட்டது எது சுருங்கினது? நூறுகூட வேணாம், தொண்ணூறே காணும்!"

"கொங்கிறீற் சோறு இல்ல, மச்சான்" என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? குசினிக்குள் போய்த் தேங்காய்க் கூடையை இழுத்துவந்தார். கூடை நிறையத் தேங்காய். அதன்மேல் ஒரு மரைக்கால் நெல்லைக் கொட்டினார். நெல் முழுவதும் தேங்காய்களுக்கு இடையில் இறங்கிப் போய்விட்டது. கூடை பழைய மட்டத்திலேயே நின்றது.

"நெல்லு எங்க போச்சு?" என்றார். "தேங்காய் கல்லு. நெல்லு மணல். மணலுக்குள்ள இரிக்கிற சந்தில சீமெந்து போகும். இப்ப விளங்குதா?"

"கூடை ஓட்டை" என்றேன் நான்.

தங்கச்சி கூடையைத் தூக்கிக் கீழே பார்த்தாள். "நாலு மணிகூடச் சிந்தல்ல அண்ணன். அவர் சொல்லுறது சரிதானே" என்றாள். பிறகு கொட்டின நெல்லைப் பொறுக்கவேண்டியது அவள்தான் என்றதும் அவளுக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் என்மேல்தான் காட்டினாள்.

சொந்தத் தங்கச்சியே கட்சி மாறிவிட்டாள் என்ற எரிச்சலில் நான் அடுத்த நாளே பட்டினத்துக்குப் போய்ப் பத்துச் சாக்குச் சீமெந்து வாங்கினேன். தொண்ணூறை ஏழாகப் பிரித்து, சாக்குக்கு ஒன்றேகால் கன அடி என்று போட்டால், சில்லறையை விட்டுப் பத்தே பத்து. கல்லும் மணலும் அதற்கு அளவாக. கரடியனாற்றுப் பக்கமிருந்து கல் கொண்டுவந்த வண்டிக்காரன்கூட, "இது காணுமா ஐயா?" என்று கேட்டான். அவனுக்கும் ஏச்சு விழுந்தது.

மேசன் சாக்குகளை எண்ணினார். குழியை ஒருதரம் அளந்துவிட்டு வீட்டுக்குப் போனார். சண்டை பிடிக்காமல் போனதைப் பார்த்து, ஆள் தோற்றுப்போனார் என்று நான் மகிழ்ந்தேன். மடையன் நான்.

கொங்கிறீற் போடுகிற நாள் காலையில், குழிக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி முளை அடித்தார். 

"இது என்னத்துக்கு?"

"சும்மா. களைச்சாச் சாய்ஞ்சு நிக்க."

கூலியாட்கள் குழைத்தார்கள். இரும்புத் தாச்சிகளில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். இவர் மட்டப்பலகையோடு முட்டுக்காலில் நின்று இடித்து இடித்து நிரவினார். கொட்டக் கொட்டக் குவிந்து நின்ற கலவை, இவர் இடித்ததும் மந்திரம் போட்டதுபோல இறங்கியது. நான் மிச்சச் சாக்குகளை எண்ணத் தொடங்கினேன். பகல் சாப்பாட்டுக்கு முன்பே சீமெந்து முடிந்துவிட்டது. கடைசித் தாச்சியைக் கொட்டி நிரவினார்கள். அது வந்து சரியாக அந்தப் பலகையில் முட்டி நின்றது. ஒரு தாச்சி மிச்சமும் இல்லை, ஒரு தாச்சி குறைவும் இல்லை.

பலகைக்கு அப்பால் எட்டடிக்கு மேல் வெறும் மணல்.

"இஞ்சதான் முடியும் எண்டு உனக்கு முதலே தெரியுமா?" என்று கத்தினேன்.

"ஓம். பன்னிரண்டு அடிக்கு நாலு அங்குலம் குறைய. பலகை நிக்கிற இடத்தில குசினிச் சுவர் வரும், மிச்சத் தளம் ஒட்டுற கோடு அதுக்குக் கீழ மறைஞ்சிரும். குசினி நாலு அங்குலம் பெருக்குது, உன்ர தங்கச்சிக்கு லாபம்தானே."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"பதினெட்டு எண்டு சொன்னன். தேங்காய் வைச்சும் சொன்னன். இன்னும் என்ன, பறை அடிச்சா சொல்லுறது?"

இப்படி ஒரு மனிசனை என்ன செய்யலாம், சொல்லுங்கள்? நான் அவமானப்படுவதைச் சரியாக அங்குலக் கணக்கில் அளந்து, அதற்குப் பலகையும் வைத்திருக்கிறார்! பட்டினத்துக்கு ஓடினேன். கடையில் சீமெந்து முடிந்துவிட்டது. அடுத்த சாமான் றெயில் கோச்சியில் எப்போது வரும் என்று கடைக்காரனுக்கே தெரியாது.

கெட்ட காலம் தனியாக வருமா? அடுத்த நாள் காலையிலேயே மாப்பிள்ளையின் தாய்மாமன், சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேரோடு தளம் பார்க்க வந்து நின்றார். மேசன் ஈரச் சாக்குகளைத் தளத்தில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மாமன் தளத்தைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பாதி வீட்டுக்கு முழு மாப்பிள்ளை கேக்கிறீங்களோ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் தங்கச்சியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது எனக்குக் கேட்டது.

"தங்கச்சிக்குக் குடுக்கத் தமையனுக்கு மனம் இல்ல எண்டா, இப்பவே சொல்லிப்போடுங்க. நாங்க வேற இடம் பாப்பம். இந்தச் சீமெந்துக் கணக்குப் போட்டது ஆர்?"

வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, பிள்ளைகளே. சொல்ல இடம் கிடைக்கவில்லை.

"நான்தான்" என்றார் மேசன், கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு. "அவர் பதினெட்டுச் சாக்கு வாங்கத்தான் நிண்டவர். பத்துக் காணும் எண்டு நான்தான் மறிச்சன். கணக்கு என்ர, பிழையும் என்ர. எட்டடியையும் நானே முடிச்சுக் குடுப்பன்."

மாமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஒண்டரை மேசன் எண்டாங்க! இனி நீ அரை மேசன்!" என்றார். என் தோளில் தட்டி, "மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி, தப்பா நினைச்சிட்டன். முடிச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புங்க, நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மேசன் என்ற பெயர் அன்று பின்னேரமே பாலத்தைத் தாண்டிவிட்டது. ஒரு அரிசி ஆலைக்காரர் எஞ்சினுக்குத் தளம் போட இவரைப் பேசி வைத்திருந்தார். கணக்குத் தெரியாதவன் என்று அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போய், எல்லாருக்கும் கேட்க, "பிழை என்னுடையது, அந்த மனிசன் பதினெட்டுத்தான் சொன்னார்" என்று உரத்துச் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? "பாருங்க, ஒரு மேசனைக் காப்பாத்தப் பழியத் தன்ர தலையில போடுறார். எவ்வளவு தங்கமான மனிசன்" என்று என்னைப் புகழ்ந்தார்கள்! கடைக்காரன் என்னிடம் தேத்தண்ணிக்குக் காசும் வாங்கவில்லை. உண்மை சொல்லி அவமானப்படக்கூட எனக்கு வழி வைக்கவில்லை அந்த ஆள்.

நேரே அவரிடம் போனேன். வாசலில் சாந்துக் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆரப்பா உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? உன்ர பேர் போச்சே, வேலை போச்சே!"

"கணக்கு எனக்கு நாளைக்கும் வரும், மச்சான். உன்ர தங்கச்சிக்கு அந்த மாப்பிள்ளை நாளைக்கு வருவானா?" என்றார். பிறகு, "பதினெட்டு எண்டு இப்ப ஒத்துக்கொள்ளுறாய்தானே?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சீமெந்து வந்தது. அவர் கேட்ட மிச்ச எட்டுச் சாக்கையும் வாங்கிக் கொடுத்தேன். எட்டடியையும் முடித்தார். கூலி கொடுத்தால் தொடமாட்டேன் என்றார். "பிழை விட்டவன் கூலி வாங்கினா ஆக்கள் சந்தேகப்படுவாங்க. வைச்சிரு." பொய்யைக்கூடக் கணக்காகச் செய்கிற மனிசன்! மாமி வீட்டுத் தளத்தில் நீங்கள் எத்தனை மாரி மழைக்கு உருண்டு படுத்திருக்கிறீர்கள்? ஒரு சொட்டு ஈரம் கண்டீர்களா?

கலியாணத்தன்று முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். மேசனைக் காணவில்லை. சோறு ஆறுகிறது, மாமன் தொண்டையைச் செருமுகிறார், தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு எனக்குக் கண் காட்டுகிறாள். நான் பரிமாற விடவில்லை. கடைசியில் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். "என்ன மச்சான், எனக்காகவா பந்தியை மறிச்சு வைச்சிரிக்கிறாய்? உனக்கென்ன விசரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "உனக்காக ஆர் மறிச்சது? கறி அவியல்ல" என்று எரிந்து விழுந்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வேறு ஆள் உட்காரவிடாமல் வைத்திருந்த இலையைக் காட்டினேன்.