கவுண்டி அண்ணை சிவப்பாக்கிய ஊர்

லண்டன் குட்மேய்ஸ் மீன்கடையில் நின்றபடியே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை நடத்திய ஒரே மனிதர் எங்கள் கவுண்டி அண்ணைதான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். கையில் மீன்வெட்டுக் கத்தி இருந்ததால் நாங்களும் மறுப்பதில்லை.

அவருடைய தங்கச்சி அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காணிகளுக்கு நடுவே ஒரு கவுண்டியில், அதாவது எங்கட மாவட்டம் மாதிரி ஒன்றில், இருந்தார். அங்கே ஒரே தமிழ் வீடு அதுதான். புருசன் செத்தபிறகு ஒரே தமிழ் ஆளும் அவர்தான். வீதியோரம் சின்னக் கடை வைத்து, தூண்டில் போடுகிறவர்களுக்குப் புழு விற்றார்.

யார் ஜனாதிபதியானாலும் அண்ணைக்குக் கவலை இல்லை. அந்தக் கவுண்டி எந்தப் பக்கம் சாயுது என்பதுதான் அவருக்கு உலகம். பாதி வெட்டின அறக்குளா மீனைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டியின் மேற்குப் பக்கத்து நிலவரத்தை விளக்குவார். மீன் அவரிடம் இருக்க, வாங்க வந்தவர் எங்கே ஓடுவது? அந்தோனியார் திருநாள் சமையலுக்கு மீன் வாங்க வந்த அன்ரி ஒருவர், பூசையும் முடிந்து சனம் கலைந்த பிறகுதான் மீனோடு போய்ச் சேர்ந்தார்.

ஞாயிறு இரண்டு மணிக்குத் தங்கச்சிக்கு வீடியோ கோல். இவர் கை முழுக்கச் செதில். அதனால் போனைப் பிடிப்பது, பக்கத்தில் மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்த என் தலைவிதி. எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, புழு வாங்க வந்த விவசாயிகளுக்குத் தொழிலாளர் ஒற்றுமை பற்றி யாழ்ப்பாணத்து இங்கிலீசில் முழங்குவார். அந்த ஊர் ஆட்கள் மகா மரியாதைக்காரர்கள். தொப்பியைக் கழற்றி, "யெஸ் சார், யெஸ் சார்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் மட்டும் இவர் எந்தச் சபைப் பாதிரியார் என்று விசாரித்தாராம்.

அதிசயம் என்னவென்றால், கவுண்டி அசைந்தது! தராசுக்கு மேலே அதன் வரைபடம் ஒட்டியிருந்தது. தங்கச்சி சொல்லச் சொல்ல இவர் மார்க்கரால் நிறம் தீட்டுவார். நீலமாய்க் கிடந்த இடங்கள் தேர்தலுக்குத் தேர்தல் சிவப்பாகின. லண்டனில் சிவப்பென்றால் தொழிலாளர் கட்சி. அதற்காக மழையில் வீடு வீடாய் நோட்டீஸ் போட்ட மனிசன், கால் நிலத்தில் பாவாமல் திரிந்தார். கடைசித் தேர்தலில் கவுண்டி முழுக்கச் சிவந்தது. அந்த ஞாயிறு மீன்பெட்டிக்கு மேலே சிவப்பு பலூன், நண்டு வாங்கினவர்களுக்கெல்லாம் லட்டு.

லட்டைக் கடித்தபடி அன்றுதான் நான் என் போனில் முடிவுகளைப் பார்த்தேன். ஐயோ கடவுளே! அமெரிக்காவில் நிறம் தலைகீழ். சிவப்பு அங்கே பழமைவாதிகளுடையது. அண்ணை இத்தனை வருசமாகத் தன் தோல்வியைத்தான் தீட்டியிருக்கிறார்.

அவர் ஐஸ் அள்ள உள்ளே போனபோது, கோலில் இருந்த தங்கச்சியிடம் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அண்ணை நிறத்தை மாறி விளங்கியிருக்கிறார். சொல்லட்டோ?"

அவர் புழுப்பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போனுக்குக் கிட்ட வந்தார்.

"எனக்கு முதல் தேர்தலிலயே தெரியும் தம்பி. சொல்லிப்போடாதேயுங்கோ. தோத்திட்டம் எண்டு தெரிஞ்சால் வெக்கத்தில கோல் எடுக்கமாட்டார். கிழமையில நான் தமிழ் கதைக்கிறது இந்த ஒரு மணித்தியாலம்தான்."

அண்ணை வாளியோடு வந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எல்லாம் உங்கள் உழைப்புத்தானாம் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். உடனே போனுக்குள் தலையை விட்டார்.

"அப்ப பக்கத்துக் கவுண்டியையும் பிடிப்பமே பிள்ளை?"

"பிடிப்பம் அண்ணை," என்றார் தங்கச்சி. "ஆனா அதுக்கு நீங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் எடுக்கவேண்டி வரும்."

அன்றிலிருந்து புதன்கிழமைகளிலும் நான் போன் பிடித்தேன். சந்தோசமாகத்தான்.