கட்டிலுக்கு ஒரு மசோதா

என் கட்டிலை மீட்பதற்குச் சென்னை சட்டசபையின் உதவியை நாடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். திருவண்ணாமலையில் குடியிருந்து பார்த்தால்தான் என் கஷ்டம் தெரியும். மற்ற ஊர்க்காரனுக்கு வருஷம் பூராவும் அவன் வீடு அவன் வீடுதான். எங்களுக்கு அப்படியில்லை. கார்த்திகை தீபம் வந்தால் பத்து நாளைக்கு வீடு ஊராருடையது. கூடத்தில் விழுப்புரத்துக் குடும்பம். அடுப்படி ஓரத்தில் சித்தூர் அம்மாள்கள். தாழ்வாரத்தில் யாரென்றே தெரியாத ஒரு கும்பல். என் அறையில், என் தேக்குக் கட்டிலில், தொப்பையைத் தடவிக்கொண்டு யாரோ ஒரு பெரிய மனிதர். எல்லாரும் வாடகைக்கு வருகிறவர்கள். வாடகையை வாங்கி முந்தானையில் முடிவது என் மனைவி சந்திரம்மாள். எனக்கு இடம் கொல்லையில், ஆட்டுக்கொட்டாயில்.

அந்த ஆட்டுக்கு என்னைக் கண்டால் ஆகாது. போன தீபத்துக்கு, நான் அசந்து தூங்கிய நேரத்தில், என் துண்டைத் தின்றுவிட்டது. ஓரத்தைக் கடித்தது என்றால் பரவாயில்லை, முழுத் துண்டு. விடிந்ததும் ஓடிப்போய்ச் சந்திரம்மாளிடம் சொன்னேன்.

"ஐயையோ! சாயத் துண்டாச்சே!" என்று பதறி ஓடிவந்தாள். வந்து ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

என் பெயர் கண்ணாயிரம். பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மண்டிக்கு வரும் பேப்பரை முதலில் பிரிக்கும் பாக்கியம் எனக்குத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் தெய்வம் பேசியது.

திருவிழா நடக்கும் ஊர்களில் குடியிருக்கும் வீட்டை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது, விட்டால் அபராதம் என்று ஒரு மசோதா வந்திருக்கிறதாம். நிறைவேறும் முன் சட்டசபையின் செலக்ட் கமிட்டி ஊர் ஊராக வந்து பொதுஜன அபிப்பிராயம் கேட்குமாம். யார் வேண்டுமானாலும் மகஜர் அனுப்பலாமாம்.

பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

"சந்திரா, ஒரு சட்டம் வரப்போவுது."

"வரட்டுங்க. சாயந்திரம் வரும்போது புளி வாங்கியாங்க."

"விளையாட்டு இல்ல. இனிமே வூட்டுல யாத்திரிகனை வெக்க முடியாது. வெச்சா அபராதம்."

குழம்பில் ஓடிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"யாரு சொன்னது?"

"சட்டசபை."

"அவங்களுக்கு இன்னாத்துக்கு நம்ம வூட்டு சமாச்சாரம்?"

"ஜன நெருக்கடி. சுகாதாரம். நான் மகஜர் எழுதப்போறேன்."

"சட்டம் வேணாம்னுதானே?"

"வேணும்னு!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏங்க, மலையைச் சுத்தி நடந்து காலு வெடிச்சி வர்றாங்க. கைக்கொழந்தையைத் தூக்கிக்கினு பொம்பளைங்க வர்றாங்க. சத்திரம் ரொம்பிப்போனா அவங்க எங்க போவாங்க?"

"எங்கியாவது போவட்டும். என் கட்டிலுக்கு வேணாம்."

"அது எங்கப்பா குடுத்த கட்டில்."

"எனக்குத்தானே குடுத்தாரு?"

"நமக்குக் குடுத்தாரு. வருஷத்துல ஒரு தரம், உங்ககிட்ட கை நீட்டாம நானா ஒரு பொடவை எடுக்கறேன். அது இந்தத் தீபத்துக் காசுல. அதுவும் உங்க கண்ணை உறுத்துதா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'சரி விடு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே சமயம் கொல்லையில் ஆடு கத்தியது. துண்டு ஞாபகம் வந்துவிட்டது.

"பொதுநலம்னு வந்துட்டா குடும்பம் ரெண்டாம்பட்சம்" என்றேன்.

சந்திரம்மாள் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். பிறகு, "ஆவட்டுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

கல்யாணமான நாளாக அவள் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் தோற்றதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ, பேப்பர் படிப்பவன் பேச்சுக்கு மரியாதை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் சோறு போடச் சொன்னேன்.

கையெழுத்து வேட்டை ஆரம்பமாயிற்று. எனக்கு வலது கை பக்கத்து வீட்டு அப்பாதுரை. சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். தீபத்துக்குத் தீபம் கடையில், காற்றடிக்கும் பம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பவன்.

"அண்ணே, இந்தச் சட்டம் வந்தா நம்ம தெரு ஆம்பளைங்க உங்களுக்குச் சிலை வெப்பாங்க" என்றான்.

"சிலை வேணாம்பா. கட்டில் போதும்."

தெருவில் இறங்கி விசாரித்த பிறகுதான் தெரிந்தது, என் இனம் எவ்வளவு பெரியது என்று. ஒருவர் வண்டிக்கு அடியில் படுக்கிறார். ஒருவர் வைக்கோல் போரில். ஒரு வாத்தியார் பத்து நாளும் பள்ளிக்கூட பெஞ்சியில். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் எல்லாரும் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பயந்துபோய்த் தன் பெயருக்குப் பதிலாக மாமனார் பெயரைப் போட்டுவிட்டுப் போனார்.

மகஜரைச் சுத்தப் பிரதி எடுத்து முடித்த அன்று சந்திரம்மாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படிங்க, கேப்போம்."

படித்தேன். 'மூச்சு விடவும் இடமில்லாத ஜன நெருக்கடி' என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன்.

"ரொம்ப ஜோரா இருக்குதுங்க. அவங்க எப்ப வருவாங்களாம்?"

"நாம எப்ப கூப்புடறமோ அப்ப. தேதியை நாமே எழுதலாம்."

"அப்படின்னா ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? வேற மாசத்துல வந்தா தெரு காலியா கெடக்கும். எங்கய்யா உன் நெருக்கடின்னு கேப்பாங்க. உங்களுக்குத்தான் அவமானம்."

"அட, ஆமா."

"தீபத்தும்போது வரச்சொல்லுங்க. ஜனத்தைக் கண்ணால பாக்கட்டும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "சந்திரா! உனக்கு இம்மாம் மூளையா?"

"உங்களோட குடித்தனம் பண்றதுல வந்ததுங்க" என்றாள் அடக்கமாக.

அப்படியே எழுதினேன். தீபத்துக்கு முதல் நாள் காலை நகராட்சி மண்டபத்தில் விசாரணை, அதற்கு முந்தின சாயங்காலமே கமிட்டி ஊருக்கு வந்துசேரும் என்று பதில் வந்தது. தெருவில் நான் நடந்தால் ஆண்கள் எழுந்து நின்றார்கள். விழா தொடங்கியும் சந்திரம்மாள் என் அறையை மட்டும் யாருக்கும் விடவில்லை; மகஜருக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி வருகிற அன்று மண்டிக்கு லீவு போட்டேன். மண்டபத்தில் பெஞ்சி இழுத்துப் போட்டேன். கமிட்டித் தலைவருக்கு என் செலவில் ஒரு ரோஜா மாலை சொல்லி வைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால், வாசலில் புழுதி படிந்த ஒரு ஜீப்பு நிற்கிறது. உள்ளே என் அறையில், என் கட்டிலில், கதர் ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் காலை நீட்டி மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். கீழே பாய் போட்டு மூன்று பேர்.

சந்திரம்மாளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரு இவங்க?"

"உங்க ஆளுங்கதாங்க. கமிட்டி."

"கமிட்டி சர்க்கார் பங்களாவுக்குத்தானே போவணும்!"

"பங்களாவுல ஒரு ஜட்ஜு குடும்பம் முந்தியே எறங்கிடுச்சாம். சத்திரத்துல காலு வெக்க எடமில்ல. ஓட்டல்காரன் கையை விரிச்சிட்டான். பாவம், மாட வீதியை ரெண்டு தரம் சுத்திட்டுத் தேரடியில நின்னு முழிச்சிக்கினு இருந்தாங்க. நான்தான் போயி, உங்களை வரச்சொல்லி எழுதுனவரு எங்க வூட்டுக்காரருதான், வாங்க சாமின்னு கூட்டியாந்தேன்."

தீபத்துக்கு வருகிறவனுக்குப் படுக்க இடம் கிடைக்காது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதைத்தான் மகஜரில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நாலு பேரைத் தீபத்துக்கு வரச் சொல்லியிருந்தேன்.

"வாடகை?" என்றேன், சட்டப்படி மடக்கலாம் என்று.

"இன்னாங்க பேசறீங்க? வூடு தேடி வந்தவங்ககிட்ட காசு வாங்குவாங்களா? இந்தாங்க, இந்தத் துவையலைக் கொண்டுபோயி வையுங்க."

"நான் எங்க படுக்கறது?"

"ஆடு காத்துக்கினு இருக்குது" என்றாள்.

மறுநாள் காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் கையெழுத்துப் போட்ட ஆண்கள். மறுபக்கம் அவர்கள் சம்சாரங்கள். அவர்களை யார் திரட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. முன்வரிசையில் சந்திரம்மாள் போன தீபத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து மகஜரைப் படித்தேன். முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்ததாகப் பிற்பாடு அப்பாதுரை சொன்னான். கட்டிலில் நன்றாகத் தூங்கி எழுந்த தலைவர் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேற்று நாங்கள் உங்கள் வீட்டில்தான் தங்கினோம். எங்களால் உங்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா?"

நீங்களே சொல்லுங்கள். நம் வீட்டில் கை நனைத்தவரைப் பார்த்து, 'ஆமாம், உன்னால் சிரமம்தான்' என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? என் நாக்கு வளையவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நம்ம வூடு மாதிரி" என்றேன்.

ஆண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதற்குள் சந்திரம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான் படிக்காதவ. நேத்து நீங்க தேரடியில நின்னீங்களே, அப்ப உங்க மொகம் எப்படி இருந்துச்சின்னு நான் பாத்தேன். உங்ககிட்ட ஜீப்பு இருந்துச்சி. புள்ளையை இடுப்புல வெச்சிக்கினு நடந்து வர்றவகிட்ட இன்னா இருக்குது? அவ பனியில படுக்கணும்னு சட்டம் போடாதீங்க. அவ்ளோதான்."

எனக்கே கண் கலங்கிவிட்டது. கமிட்டியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சரியம்மா. ஆனால் திருட்டு, புரட்டு நடந்தால்? யாத்திரிகர் சாமானுக்கு யார் பாதுகாப்பு?"

"எங்க வூட்டுக்காரருதாங்க!"

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வருஷா வருஷம் இவரு வெளிய காவல் படுக்கறாருங்க. பனின்னும் பாக்க மாட்டாரு, கொசுன்னும் பாக்க மாட்டாரு. ஒரு செம்பு காணாம போனதில்ல. இவரு மாதிரி வூட்டு வூட்டுக்கு ஆம்பளைங்க வெளிய காவல் இருக்கணும்னு சட்டத்துல போட்டுடுங்க. அப்புறம் இன்னா பயம்?"

பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, இதை நீங்கள் மனமுவந்தா செய்கிறீர்கள்?"

ஊரே என்னைப் பார்த்தது. சந்திரம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பெருமை. அவள் என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. ஆட்டுக்கொட்டாய், துண்டு, கட்டில் எல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் அண்ணாமலையார் சேவைங்க" என்றேன்.

ரோஜா மாலையைத் தலைவர் என் கழுத்திலேயே போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. மாலையும் வாங்கி வைத்துக்கொண்டவன் நான் ஒருத்தன்தான்.

மறு வருஷம் மழைக்காலத்துக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அப்பாதுரை பேப்பரோடு ஓடிவந்து மூச்சிரைக்கப் படித்தான். திருவிழா ஊர்களில் வீடுகளில் யாத்திரிகர்களை வைக்கலாம். ஆனால் அந்த நாட்களில் இரவு முழுதும் குடும்பத் தலைவர் வீட்டுக்கு வெளியே காவலிருக்க வேண்டும். தவறினால் அபராதம்.

"அண்ணே! நானாவது கடைக்குள்ள படுத்துக்கினு இருந்தேன். உங்க கட்டிலை மீக்கப்போயி எங்க எல்லாரையும் தெருவுல தள்ளிட்டீங்களே!"

"நீயும்தானே கையெழுத்துப் போட்ட?"

"மாமனார் பேரைப் போட்டானே, அவன்தான் அண்ணே புத்திசாலி!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தத் தீபத்துக்குத் தெரு நெடுக ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவரும் என்னோடு பேசவில்லை. எனக்காவது கொட்டாய் இருக்கிறதே என்று தலையணையை இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கொட்டாயில் இரண்டு பெரிய காளைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"சந்திரா! இது இன்னாது?"

"தீபத்து மாட்டுச் சந்தைக்கு வந்த ஜோடிங்க. நல்ல வாடகை. உங்களுக்குத்தான் வாசல்ல பாய் போட்டிருக்கேனே. சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல? ஊருக்கு முன்னால மாலை வாங்கினவரு நீங்களே மீறினா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி ஒரு புதுத் துண்டை என் தோளில் போட்டாள். அவள் காசில் வாங்கியதாம்.

துண்டு நல்ல துண்டு. கோபிக்க முடியவில்லை. அதைத் தலையில் கட்டிக்கொண்டு, "அப்ப ஆட்டை எங்க கட்டின? அதுவும் என்னோட வாசல்லயா?" என்று கேட்டேன்.

"வாசல்லயா? இந்தப் பனியில அதை வெளிய விட மனசு வருங்களா? கட்டில் காலுல கட்டியிருக்கேன்" என்றாள்.